கிண்டியில் ‘ஒண்ணுமே இல்ல’ என்று திரும்பும் பெற்றோர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மாலை சிறுவர் பூங்கா வாசலில் ஆட்டோவுக்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்கும் அப்பாக்களே, அம்மாக்களே, தோளில் தூங்கும் பேரனைச் சுமந்துகொண்டு நிற்கும் தாத்தாக்களே,

நீங்கள் பேசுவது என் காதில் விழாமல் இருக்காது. அண்ணன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நானும் அதே நிறுத்தத்தில்தான் அடையாறு பக்கம் போகும் பஸ்ஸுக்காக நிற்பேன். பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். “உள்ள போனா ஒண்ணுமே இல்லப்பா. நாலு மான், கூண்டுக்குள்ள கொஞ்சம் பறவை. காடு காடுங்கறாங்க, அந்தக் காட்டுக்குள்ள ஒரு அடி வைக்க விடமாட்டேங்கறாங்க.”

இதில் முதல் பாதியைப் பற்றி நான் உங்களோடு சண்டைக்கு வரப்போவதில்லை. சிறுவர் பூங்காவை 30 கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பித்து 2024 ஜனவரியில் திறந்தார்கள். நடைபாதை நன்றாக இருக்கிறது, நிழல் இருக்கிறது. கூண்டுகள் எனக்கும் பிடிப்பதில்லை. வானத்தில் பறக்கும் கிளியைக் காட்டிவிட்டு அடுத்த நிமிடம் கம்பிக்குள் இருக்கும் கிளியைக் காட்ட வேண்டியிருக்கிறது. பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் பாதிக்காகத்தான் இந்த மடல். வேலிக்கு அந்தப் பக்கம் உங்களை விடவில்லை என்கிறீர்கள் அல்லவா? அந்த வேலியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

கிண்டிக் காடு ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் துண்டு கேட்கக்கூடிய இடமாக இருந்தது. ஆங்கிலேயர் ஒருவரின் கையில் இருந்த நிலத்தை 1821இல் அரசு 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910இல் காப்புக்காடாக அறிவித்தபோது சுமார் 500 ஹெக்டேர். இன்று தேசியப் பூங்கா என்ற பெயரில் மிஞ்சியிருப்பது 270 ஹெக்டேர்தான். நடுவில் என்ன ஆயிற்று என்று தெரிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டாம். வாசலில் நின்று சர்தார் படேல் சாலையை இரண்டு பக்கமும் பார்த்தாலே போதும். ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை. இன்னொரு பக்கம் 1956இல் கட்டிய காந்தி மண்டபம். அதை ஒட்டி எழுபதுகளில் வந்த ராஜாஜி, காமராஜர் நினைவகங்கள். அதற்கப்பால் 1959இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யின் பெரிய வளாகம்.

இவற்றில் எதையாவது வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நாட்டுக்குப் பொறியாளர்கள் வேண்டும், தலைவர்களுக்கு நினைவிடம் வேண்டும். நிலம் கேட்ட ஒவ்வொருவர் கையிலும் நியாயமான காரணம் இருந்தது. காடு என்பது கேட்பாரற்ற நிலம் என்ற எண்ணமும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. பெரிய வீட்டுத் தோட்டத்தை அண்ணன் தம்பிகள் பாகம் பிரிப்பதுபோல் பிரித்துக்கொண்டே வந்தார்கள்; ஒவ்வொரு பாகமும் சின்னதாகத்தான் தெரிந்தது. 1978இல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகுதான் கை நின்றது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசியப் பூங்காவுக்குள் மாடு மேய்க்கக்கூடக் கூடாது. அனுமதியில்லாமல் நுழைவதும் கூடாது. உங்களை நிறுத்துகிற அதே சட்டம்தான் இன்னொரு கட்டடம் வராமலும் நிறுத்தியிருக்கிறது.

அளவையும் யோசித்துப் பாருங்கள். 270 ஹெக்டேர் என்றால் இரண்டே முக்கால் சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. சாலை இருந்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். முதுமலையிலோ களக்காட்டிலோ மனிதச் சத்தம் கேட்டால் மான் உள்ளே உள்ளே என்று போய் மறைய இடம் உண்டு. இங்கே ஓடினால் சுவர் வரும். சுவரைத் தாண்டினால் பஸ் வரும். பொங்கல் விடுமுறையில் நாம் எல்லோரும் பூங்காவில் எவ்வளவு நெருக்கிக்கொண்டு நிற்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் பாதியைக் காட்டுக்குள் விட்டால், மனிதக் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மான் படுத்து அசைபோட ஒரு மூலைகூட மிஞ்சாது.

“சரி, அப்படி என்னதான் இருக்கு அங்க? எல்லாம் முள்ளுப் புதர்தானே?” என்று ஒரு அப்பா ஒருநாள் கேட்டார். நியாயமான கேள்வி. காடு என்றால் நம் மனத்தில் வருவது சினிமாவில் பார்த்த காடு. அண்ணாந்து பார்த்தால் உச்சி தெரியாத மரம், அருவி, பனிமூட்டம். அதெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர்களின் காடு. நம்முடையது கடற்கரைச் சமவெளியின் காடு, வேறு மாதிரி. மழையில் பெரும்பங்கு அக்டோபர் தொடங்கி டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வெயில். அந்த வெயிலிலும் இலையைப் பெரிதும் உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கப் பழகிய மரங்கள் இவை. அதனால்தான் இலை தடித்துத் தோல்போல் இருக்கிறது, மரம் குட்டையாக இருக்கிறது, பாதிச் செடிகளுக்கு முள் இருக்கிறது. வறண்ட பசுமைமாறாக் காடு என்று இதற்குப் பெயர். சோழமண்டலக் கரை நெடுகிலும் இருந்த இந்தக் காடு இப்போது துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது: கோடியக்கரையில் கொஞ்சம், புதுச்சேரிப் பக்கத்துக் கோயில் காடுகளில் கொஞ்சம், கிண்டியில் கொஞ்சம்.

இந்தக் காட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட அம்மா அப்பாவைவிடப் பாட்டிதான் பொருத்தமான ஆள். எங்கள் அம்மாவை அழைத்துப்போனால் பாதையோரத்துப் புதரைப் பார்த்ததும் நின்றுவிடுவார். களாச்செடி என்பார், ஊறுகாய் போடும் பக்குவம் சொல்வார், சூரை முள் பாவாடையைக் கிழித்த கதைக்குப் போவார், விளாம்பழத்தில் வெல்லம் போட்டுப் பிசைவதில் வந்து முடிப்பார். பிள்ளைகள் முதலில் முனகுவார்கள், பிறகு கேட்க ஆரம்பிப்பார்கள். நீங்கள் பாட்டிகளை நிழலில் பெஞ்சில் உட்காரவைத்து, “பையைப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். அவர்கள் முழங்கால் வலியோடு மெதுவாக நடக்கிறார்கள் என்பதுதானே காரணம்? அந்த இடத்துக்குத் தேவையான வேகமே அதுதான்.

இப்போது மானுக்கு வருகிறேன். நீங்கள் ‘நாலு மான்’ என்று ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறீர்கள். அங்கே இருப்பது இரண்டு சாதி. புள்ளிமான் ஒன்று, வெளிமான் ஒன்று. என் அண்ணன் மகள் ஒருமுறை கேட்டாள்: “அத்தை, கொம்பு இல்லாததெல்லாம் பொண்ணா?” வெளிமானில் ஏறக்குறைய அப்படித்தான். ஆண் கருத்து, வயிறு வெளுத்து, முறுக்கிய கொம்போடு நிற்கும். அந்தக் கொம்பு நம் நகத்தின் பொருளால் ஆன உறை, உள்ளே எலும்பு. ஆயுசுக்கும் விழாது, வளர்ந்துகொண்டே போகும். புள்ளிமானில் கதை வேறு. அதன் ஆணுக்கு உள்ள கிளைக்கொம்பு முழுக்க எலும்பு. ஆண்டுதோறும் கழன்று விழுந்து புதிதாக முளைக்கும். முளைக்கும்போது மேலே மெல்லிய தோலும் பூனைமுடியும் போர்த்தியிருக்கும், தொட்டால் சூடாக இருக்குமாம், ரத்தம் ஓடுவதால். ஆகவே மொட்டைத் தலையோடு நிற்கும் புள்ளிமானைப் பெண் என்று உடனே சொல்லிவிட முடியாது. இதைச் சொன்ன பிறகு அவள் அந்த அடைப்பை விட்டு நகரவே இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து ஆணா பெண்ணா என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு பிற்பகல் போயிற்று.

இரண்டு மானும் ஒரே காட்டில் இருந்தாலும் கேட்பது ஒன்றையல்ல. வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். ஆபத்தைத் தூரத்திலேயே பார்த்து, கால் உள்ள வேகத்துக்கு ஓடித் தப்பிக்கும் உயிர் அது. பெயருக்கு ஏற்ற பிறவி. புள்ளிமானுக்குப் புதர் இருந்தாலும் சம்மதம். பின்னங்காலில் எழுந்து நின்று இலையையும் எட்டிப் பறிக்கும். எனவே புல்வெளிக்குள் புதர் ஏற ஏற வெளிமானுக்கு இடம் சுருங்குகிறது. சீமைக் கருவேலம் புகுந்தால் கேட்கவே வேண்டாம்; ஒரு மழைக்கு முளைத்தது அடுத்த மழைக்குள் வேலியாக நிற்கும். அதை வெட்டி, புல்லை மீட்டு, மறுபடி முளைப்பதை மறுபடி வெட்டுவது வனத்துறைக்கு ஓயாத வேலை. கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதெல்லாம் நல்லது என்று நாம் நினைக்கிறோம். வெளிமானின் கண்ணுக்கு அப்படி இல்லை. தமிழ்நாட்டில் இந்த மானைப் பார்க்க வேண்டுமானால் கோடியக்கரைக்கோ வல்லநாட்டுக்கோ சத்தியமங்கலத்துக்கோ போக வேண்டும். உங்களுக்கோ பஸ் கட்டணத்தில் கிடைக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பிக்கு வெளியிலிருந்து மானுக்குத் தீனி போடுவது. முறுக்கு, பிஸ்கட், வாழைப்பழத் தோல், ஒருமுறை எலுமிச்சை சாதம். “பாவம், வாயில்லா ஜீவன், புண்ணியம்தானே” என்று ஒரு பெரியம்மா சொன்னார். வீட்டு வாசலில் காக்கைக்குச் சோறு வைத்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கை சும்மா இருக்காது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் மான் அசைபோடும் பிராணி. அதன் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லையும் இலையையும் நொதிக்கவைத்துச் செரிக்கப் பழகியவை. மாவுப் பண்டம் அதிகமானால் அங்கே புளிப்பேறி மான் நோயில் விழும்.

அதைவிட மோசம், பண்டத்தோடு சேர்ந்து போகும் கவர். உப்பு ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்கை மான் நக்கும், பிறகு மெல்லும், பிறகு விழுங்கும். அது இரைப்பையை விட்டு முன்னாலும் நகராது, பின்னாலும் வராது. கவர்மேல் கவராகச் சேர்ந்து உருண்டையாகிவிடும். வயிறு நிறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே மான் பட்டினியில் மெலியும். பக்கத்து ஐ.ஐ.டி. வளாகத்தில் இறந்த மான்களை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் பிளாஸ்டிக் கிடைத்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அதே செய்திகளில் நாய்களும் வரும். அதுவும் நம் குப்பையின் தொடர்ச்சிதான். மிச்சச் சோறு கிடைக்கும் இடத்துக்கு நாய் வரும். வந்த நாய் மானைத் துரத்தும். கடிபட்டுத்தான் சாக வேண்டும் என்பதில்லை, மிரண்டு ஓடிய ஓட்டத்திலேயே மான் விழுந்து சாவதும் உண்டு. எனவே, பெரியம்மா, அந்தப் புண்ணியத்தை வீட்டு மாடியில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துத் தேடிக்கொள்ளலாம்.

குரங்குகள் விஷயத்திலும் இதேதான். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத நாட்டுக் குரங்கு அது. அதற்குச் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தது நாம். பிறகு அடையாறில் சமையலறை ஜன்னலில் அது எட்டிப் பார்த்தால் அதன்மேல் புகார் எழுதுவதும் நாம்.

நீங்கள் திருப்பிக் கேட்கக்கூடிய ஒன்று இருக்கிறது. “அப்போ அதிகாரிங்களுக்கும் ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் மட்டும்தான் காடா? எங்க பிள்ளைங்க பார்க்கவே கூடாதா?” இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பள்ளி, கல்லூரிக் குழுக்களை முன் அனுமதியோடு, வழிகாட்டியோடு உள்ளே அழைத்துப்போகும் வழக்கம் உண்டு. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி அந்த அனுமதியைக் கேட்டிருக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். ஆண்டுவிழா உடைக்கு எவ்வளவு வசூல் என்ற விவாதத்துக்கு நடுவில் இரண்டு நிமிடம் கிடைக்காமலா போகும்? சிறு குழுக்களாக, கூட்டம் குறைந்த நாட்களில், குடும்பங்களுக்கும் அப்படி ஒரு நடை வேண்டும் என்று வனத்துறையிடம் கேட்பதிலும் தப்பில்லை. நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் வேலியைத் திறந்துவிடு என்று கேட்டால் போடமாட்டேன்.

இந்த ஊரில் காலாற நடக்க, பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட, துணி விரித்து உட்கார்ந்து சாப்பிட மரநிழல் போதாது என்பது உண்மை. அதற்குக் கேட்க வேண்டிய இடம் வேறு. கூப்பிடு தூரத்தில் குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது. 2024இல் அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டு, மழைநீருக்குக் குளம் வெட்டும் வேலையையும் தொடங்கியது; பெரிய பசுமைப் பூங்கா வரும் என்றும் சொன்னார்கள். வழக்கு, வாதம் எல்லாம் உண்டு. நாம் உட்காரவும் ஓடவும் நிழல் வேண்டும் என்று குரல் கொடுக்க வேண்டுமானால் அங்கே கொடுப்போம். அங்கே நட்டு வளர்க்கலாம். 270 ஹெக்டேர் காட்டை யாராலும் நட்டு வளர்க்க முடியாது.

இனி, அடுத்த முறை வரும்போது சில யோசனைகள். கேட்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி மூன்று மணிக்கு வந்து சேர்கிறீர்கள். அந்த நேரத்தில் எந்த உயிரும் வெளியே வராது, நம்மைத் தவிர. திறந்தவுடன் வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த காலை நேரமே நல்ல நேரம். புல் எழுந்திருக்கும், பட்டாம்பூச்சி பறக்கும், வலசைப் பறவைகள் வந்திருக்கும். ஆறுமணிக்குருவி என்று ஒன்று, பல நிறம் பூசிய சின்னப் பறவை, மழைக்காலத்தை ஒட்டி வடக்கிலிருந்து நம் ஊர்த் தோப்புகளுக்கு வரும். விடியலிலும் அந்தியிலும் கடிகாரம் வைத்ததுபோல் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். பெரும்பாலும் தரையில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும், பார்ப்பது அபூர்வம். ‘பார்த்தே ஆக வேண்டும்’ என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் ஓடினால் ஓடட்டும், தடுக்க வேண்டாம். அந்த வேகம் அடங்கிய பிறகு காட்டுப் பக்கத்து வேலி ஓரமாக ஒரு பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். போனைப் பைக்குள் வையுங்கள். முதல் மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு சருகு அசையும்: கீரி, ஓணான், சில சமயம் வெறும் காற்று. கறையான் புற்றைக் காட்டுங்கள். விழுந்து மட்கும் கட்டை ஏதாவது கண்ணில் பட்டால் ‘ஏன் சுத்தம் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த நகரத்தில் சாய்த்த மரங்களை நாம் தெருவிலிருந்து அறுத்து அள்ளினோம். காட்டுக்குள் விழுந்த மரம் கறையானுக்கும் வண்டுக்கும் மரங்கொத்திக்கும் சாப்பாடு.

பூங்காவுக்குள் கல்லாகிப்போன மரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். சுமார் 2 கோடி ஆண்டு வயது என்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதைச் சாதாரணப் பாறை என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். நிறுத்திக் காட்டுங்கள்.

நேரம் மிச்சம் இருந்தால் பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிள்ளை அடையாளம் சொல்லும்வரை வெளியே வராதீர்கள். ஊரில் தாத்தா வீட்டுக்குப் போகும்போது உதவும்.

தயிர்சாதம் கொண்டுவருவதாக இருந்தால் எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவாருங்கள், மூடியை இறுக்கமாகப் போட்டு. குரங்கின் கண்ணுக்குக் கவர்தான் முதலில் தெரியும். சின்னமலை மெட்ரோவில் இறங்கினால் பார்க்கிங் தொல்லையும் இல்லை, ஆட்டோ பேரமும் இல்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் கிளம்பி வந்துவிடாதீர்கள். அன்று பூங்காவுக்கு விடுமுறை.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து ஓர் அத்தை